வராதவர்கள் கணக்கு

வேலூரில் மருத்துவமனைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. காட்பாடி ஜங்ஷனில் வடக்கிலிருந்து வரும் ரயில் நின்றால் போதும், எக்ஸ்ரே கவரும் ஃபைலும் கையுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். மருந்துக் கடைக்காரர் இந்தியில் விலை சொல்கிறார், ஆட்டோக்காரர் வங்காளத்தில் நான்கு வார்த்தை பேசுகிறார். இத்தனை தூரம் தாண்டி ஒருவர் உயிரை நம்பி வருகிற ஊர் இது.

அந்தத் தெருக்களிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஐம்பது வயது தாண்டியும் ஒருமுறைகூட ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளாத பெண்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் புண்ணாகி, அது கறுத்த பிறகுதான் வெளியே சொல்லும் ஆண்கள் இருக்கிறார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் பக்கத்துச் சந்துகளில் ஒரு சாயங்காலம் நடந்தால் போதும்.

என் வேலை இந்தச் சந்துகளில்தான். சமூகப்பணி படித்துவிட்டு, நகர்ப்புற ஏழைகளுக்கான சுகாதாரத் திட்டங்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று மதிப்பீடு செய்து அறிக்கை எழுதும் குழுக்களில் பல வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். பீடித் தூள் வாசமும் தீப்பெட்டி ஒட்டும் பசை வாசமும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒரு சுகாதாரத் திட்டத்தை அதன் பதிவேட்டிலிருந்து மதிப்பிட முடியாது. வந்தவர்களை எண்ணுவதில் பயனில்லை. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பதிலிருந்துதான் மதிப்பீடு தொடங்க வேண்டும்.

இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கலாம். ஆனால் நடைமுறையில் நடப்பது தலைகீழ். மதிப்பீட்டுக் குழு வந்ததும் திட்ட அலுவலகத்தில் டீ, பிஸ்கட், அப்புறம் ஒரு பவர்பாயிண்ட். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை ஆயிரம் பேர் பயனடைந்தார்கள், இத்தனை மாத்திரை கொடுத்தோம். பிறகு பதிவேட்டிலிருந்தே கொஞ்சம் பெயர்களைப் பொறுக்கி அந்த வீடுகளுக்கு அழைத்துப் போவார்கள். கூடவே திட்டத்தின் களப்பணியாளரும் வருவார். அவர் பக்கத்தில் நிற்கும்போது, "சேவை திருப்தியா இருக்கா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? "நல்லாத்தான் பண்றாங்கம்மா" என்பார்கள். நாளைக்கும் அந்த அக்காதானே மாத்திரை கொண்டுவரப் போகிறார்.

1978-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தனஹாஷி என்ற ஜப்பானியர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சேவை மக்களைச் சென்றடைந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும் என்றார் அவர். சேவை இருக்கிறதா, அதை எட்ட முடிகிறதா, மக்கள் அதை ஏற்கிறார்களா, உண்மையில் பயன்படுத்தினார்களா, பயன்படுத்தியவர்களுக்குப் பலன் கிடைத்ததா. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்துவிடுவார்கள். கடைசிப் படியில் மிஞ்சுகிறவர்கள்தான் திட்டத்தின் உண்மையான அளவு. இத்தனை வருடம் கழித்தும் பெரும்பாலான அறிக்கைகள் நாலாவது படியோடு நின்றுவிடுகின்றன. அதிலும் உதிர்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த, ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும்தான். சர்க்கரையில் 10.8 சதவீதம். மாத்திரை இல்லாத மாநிலமா இது? 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் முறையைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. முதல் படியில் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். அதற்கு அடுத்த படிகளில்தான் கொட்டிப்போகிறது. அதனால்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லாமல், மகளிர் சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் பிபி மெஷினும் மாத்திரையுமாக வீட்டுக்கு வருகிறார். யோசனை சரியான இடத்தில் கை வைத்தது.

வீட்டுக்கே மாத்திரை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? ஒரு தொண்டு அமைப்பு இதே பாணியில் நடத்திய சிறிய திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்யப் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசல்படிக்கு உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். முறத்தில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகர அளவை வைத்து இலையைக் கத்தரித்து, தூளைக் கிள்ளி வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்துப் போட்டுவிடுகிறார். நான் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பீடி விழுந்துவிடும். கை நிற்கவே இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அளவு சரியில்லாததைக் கழித்துவிட்டுத்தான் கம்பெனிக்காரர் கணக்கு எழுதுவார்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக மாதாமாதம் டிக் இருந்தது. மாத்திரை பெற்றார், பெற்றார், பெற்றார்.

"பிபி மாத்திரை வருதாம்மா?"

"வருது கண்ணு. மாசாமாசம் அந்தப் பொண்ணு வூட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுது."

"தினமும் போடுறீங்களா?"

"போடுறேன், போடுறேன்."

அட்டையைக் காட்டச் சொன்னேன். முதலில் தயங்கினார். பிறகு மகளைக் கூப்பிட்டு அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார். உள்ளே மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்தன. பல அட்டைகளில் கை வைக்கவே இல்லை. சிலவற்றில் இரண்டு மூன்று மாத்திரை மட்டும் குறைந்திருந்தது.

"தல சுத்துற அன்னிக்குப் போட்டுக்குவேன். சும்மா கீறப்போ எதுக்கு?" என்றார். இது எங்கும் கேட்கிற பதில்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது மகள் குறுக்கே வந்தாள். "அது இல்லக்கா. அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போவணும். எங்க வூட்டுல பாத்ரூம் கிடையாது. தெருக்கோடிக்குப் போய் வரணும். ஒரு தடவ போய் வந்தா ஒரு கட்டு பீடி போச்சு. அதான் அம்மா போடறதில்ல."

அவருக்குக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகை. ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து, விலையும் குறைவு. எழுதிக் கொடுத்த மருத்துவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த வீட்டில் கழிப்பறை இல்லை என்பது மருத்துவருக்கும் தெரியாது, மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. எந்த மாத்திரை எதற்கு என்று தெரியாததால், அந்த அம்மா இரண்டையுமே நிறுத்திவிட்டார். அன்றைக்கு அளந்தபோது மேல் அளவு 170-ஐத் தாண்டி இருந்தது. பதிவேட்டின்படி அவர் திட்டத்தின் வெற்றிக் கதை. தனஹாஷியின் ஐந்தாவது படியில் அவர் இல்லவே இல்லை.

ஒரு மதிப்பீட்டில் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன என்று என்னை யாராவது கேட்டால், மாத்திரை அட்டையை எண்ணுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பிறகு பிபியை நீங்களே அளங்கள். "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது முதலில் எங்கே போனீர்கள், யார் கூட வந்தார்கள், பஸ்ஸுக்கும் மருந்துக்கும் எவ்வளவு ஆனது, அன்றைக்கு வேலை போச்சா, அந்தப் பணத்தை எங்கே புரட்டினீர்கள் என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இருக்காது. பதில்கள் தானாக வரிசையாக வரும்.

அப்படிக் கேட்டால் இந்தத் தெருக்களில் பெரும்பாலும் வரும் முதல் பதில், "மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கிட்டோம்" என்பது. இரண்டாவது, தெருமுனையில் சாயங்காலம் உட்காரும் டாக்டர். காசு வாங்குவார், ஊசி போடுவார், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார். அரசு நிலையம் இலவசமாக இருக்கும்போது ஏன் இங்கே போகிறார்கள் என்று மேலிருந்து பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இலவசம் என்பது சீட்டுக்கும் மாத்திரைக்கும்தான். போன நேரத்துக்குக் கூலியை யார் தருவார்கள்? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2005-லிருந்து இருக்கிறது. பெரிய மருத்துவமனை, நல்ல மருத்துவமனை. ஆனால் நகரத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் பஸ் பிடித்துப் போய், சீட்டு போட்டு, பார்த்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கித் திரும்பினால் பகல் முடிந்துவிடும். பீடி சுற்றுகிறவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் அது ஒரு நாள் சோறு.

2013-ல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் இதைக் கணக்கில் எடுக்காமல் இல்லை. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அது குடிசைப் பகுதிக்குள்ளோ அருகிலோ இருக்க வேண்டும், மாலை நேர ஓ.பி. வேண்டும் என்று அதன் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு திறக்கத் தொடங்கிய நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கும் காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு என்றுதான் நேரம் வைத்தார்கள். மாலை நான்கு முதல் எட்டு! இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தினக்கூலிக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். எந்த மையத்தை மதிப்பீடு செய்தாலும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். டாக்டர் இருக்கிறாரா, மருந்து கொடுக்கும் ஜன்னல் திறந்திருக்கிறதா, வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே அறிக்கையின் பாதி எழுதிவிடலாம்.

காப்பீட்டு அட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய் என்று வந்தால் இந்த அட்டை குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குத்தான். தினசரி மாத்திரை, காய்ச்சல், ஸ்கேனுக்கு அலைவது, பஸ் செலவு இவையெல்லாம் கையிலிருந்துதான் போகின்றன. ஏழைக் குடும்பம் கடன்படுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவில்தான். அட்டை வாங்கவும் ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று எல்லாம் வேண்டும். வாடகை வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, புருஷனைப் பிரிந்து வந்து பெயர் இன்னும் அவன் கார்டிலேயே இருக்கிற பெண்ணுக்கு, வீட்டைவிட்டு வந்துவிட்ட திருநங்கைக்கு, முதல் காகிதத்திலேயே கதவு சாத்திக்கொள்கிறது. யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்களிடம்தான் காகிதம் குறைவாக இருக்கும். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் சொன்னது இதுதான். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கும் என்றார்.

சரி, வராதவர்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றால் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே? அங்கேயே முதல் இடறல். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்னமும் 2011 கணக்கை வைத்துக்கொண்டுதான் நகரத்தின் ஏழைகளைத் தேடுகிறோம். அதற்கப்புறம் ஊர் எவ்வளவு மாறிவிட்டது! சத்துவாச்சாரியும் காட்பாடிப் பக்கமும் வீடுகளாக நிரம்பிவிட்டன. கட்டட வேலைக்கு வடமாநிலத்துப் பிள்ளைகள் வந்து ஒரே அறையில் பத்துப் பேர் தங்குகிறார்கள். இன்னொன்று, குடிசைப் பகுதி என்று அரசுப் பட்டியலில் ஏறியது வேறு, உண்மையில் குடிசைப் பகுதியாக இருப்பது வேறு. 1971-ம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு ஒரு கோப்பு இருக்கும். பாலாற்றங்கரைப் புறம்போக்கிலும் ஓடைக் கரையிலும் கொட்டகை போட்டிருப்பவர்களுக்கு அது கிடையாது. வரி ரசீது இல்லாத வீடு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இதற்கு நான் பார்த்தவற்றில் நல்ல வழி, தெருவில் இருக்கிறவர்களையே வரைபடம் போடச் சொல்வதுதான். மதிய வேலை முடிந்த நேரத்தில் கோயில் திண்ணைக்கு முன்னால் கோலமாவும் செங்கல் துண்டும் கொடுத்தால் போதும். ஒருவர் தெருவை இழுப்பார், இன்னொருவர் "ஏய், அந்தச் சந்து இந்தப் பக்கம்" என்று அழித்து மாற்றுவார். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு பூ, சர்க்கரை உள்ளவர் இருந்தால் ஒரு கல். ஒரு தடவை எல்லாம் வைத்து முடித்து நாங்கள் எண்ணப் போகிற நேரத்தில், பின்னால் நின்றிருந்த ஒரு ஆயா, "அந்த மாடி வூட்டுக்குப் பின்னால கீற ரூம்பு எங்க?" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடி வீட்டின் பின்பக்கம், குளியலறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு தாயும் மனநலம் சரியில்லாத மகனும் வாடகைக்கு இருந்தார்கள். வாசல் வேறு தெருப்பக்கம் என்பதால் இந்தத் தெருவில் யாரும் அவர்களைத் தங்கள் கணக்கில் வைப்பதில்லை. அந்தத் தெருவிலும் அதே கதை. மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் பட்டியலிலும் இல்லை. மகனுக்கு வருடக்கணக்காக மருந்து நின்றுபோயிருந்தது. ஒரு தெருவின் மிக ஏழையான குடும்பம் எது என்று தெருவையே கேட்டால் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதே ஓட்டை உண்டு. தடுப்பூசிக் கணக்கெடுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய முறை, முப்பது பகுதி, பகுதிக்கு ஏழு குழந்தை. ஊரின் நடுவில் நின்று பேனாவைச் சுழற்றி, அது காட்டும் திசையில் ஒரு வீட்டைப் பிடித்து, அடுத்தடுத்த வீடாகப் போக வேண்டும். எளிமையான முறை, உலகம் முழுக்க உதவியிருக்கிறது. ஆனால் நடுவிலிருந்து தொடங்கினால் ஓரம் விட்டுப்போகும். ஏழைகள் இருப்பது ஓரத்தில்தான். சாக்கடைக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, சுடுகாட்டுப் பாதையில். வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது இன்னும் மோசம். பகலில் பூட்டியிருக்கும் வீடு என்றால் இருவரும் கூலிக்குப் போன வீடு. அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டில் ஓய்வாக இருக்கிறவரிடம் கேள்வி கேட்டால், நமக்கு வேண்டியவரை நாமே பட்டியலிலிருந்து வெளியே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை என்று போய்த்தான் ஆக வேண்டும். இதற்குக் களப்பணியாளர்களுக்குக் கூடுதல் சம்பளமும் இரவில் வீடு திரும்ப வண்டியும் தர வேண்டும். திட்ட மதிப்பீட்டுக்கான நிதியில் அச்சடித்த வழுவழுப்பு அறிக்கைக்கு ஒதுக்குகிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

இந்தத் தெருக்களை யாரும் எண்ணியதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2002-லிருந்து இங்கே பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை வீடு தேடிப் போய்ப் பின்தொடர்ந்து, பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றி நடத்திய ஆய்வு 2011-ல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. பேதிக்கான தடுப்பூசி பற்றிய உலக அறிவில் வேலூர்ச் சந்துகளின் பங்கு பெரியது. மனம் வைத்தால் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வருடக்கணக்காக வீடு தேடிப் போய்ப் பின்தொடர முடியும் என்று இந்த ஊரே காட்டியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு முடிந்தது, அன்றாட மருத்துவத் திட்டத்துக்கும் முடிய வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

ஏற்கிறார்களா என்ற மூன்றாவது படியை அறிக்கைகளில் ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். வேலூரில் அது ஒரு பத்தியில் முடியும் விஷயமல்ல. இங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டரான கதை எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். வீட்டில் ஐடாவின் அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். டாக்டர் இருந்தார், தூரமும் இல்லை, ஆனாலும் சேவை போய்ச் சேரவில்லை. படித்துவிட்டு 1900-ல் வேலூர் வந்த ஐடா, மருத்துவமனைச் சுவருக்குள் உட்கார்ந்துவிடாமல் சாலையோரம் மரத்தடிகளில் மருத்துவம் பார்க்கப் போனார். 1982-ல் நகரத்து ஏழைகளுக்கென்று குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை சி.எம்.சி. தனியாகத் தொடங்கியதையும் நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

இன்றைக்கு ஆண் டாக்டர் என்பது பெரும்பாலும் தடையாக இல்லை. வேறு தடைகள் இருக்கின்றன. வீட்டில் உருது பேசும் வயதான பெண்கள், தமிழில் உடம்பைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார்கள். "எத்தனை தடவ சொல்றது, மாத்திரை போட மாட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் ஒருமையில் திட்டு வாங்கிய பெண் அடுத்த மாதம் வருவதில்லை. துப்புரவு வேலை செய்பவர் வரிசையில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்கி நிற்கிறார், அவர் அதைக் கவனிக்கிறார். காசநோய் என்றால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இன்னும் பெரிய பயம். இதையெல்லாம் ஆம், இல்லை கட்டத்தில் நிரப்ப முடியாது. பெண்கள் தனியாக இருக்கும்போது, அவர்கள் பாஷையில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். குழுவில் உருது தெரிந்த பெண் ஒருவராவது இல்லாமல் வேலூரில் மதிப்பீடு செய்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதும் ஒரு கேள்விதான். பெரும்பாலும் திட்டத்தை நடத்துகிறவரோ அதற்குப் பணம் கொடுத்தவரோதான். அறிக்கையில் கசப்பான வரியைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொல்லும் போன் வராமல் இருந்ததில்லை. அதனால் ஒப்பந்தத்திலேயே ஒன்று கேட்பது எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது. அறிக்கையை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் தெருவில் படித்துக் காட்டுவோம். அவர்கள் ஒத்துக்கொண்ட வரியை மாற்ற மாட்டோம்.

பீடி சுற்றும் அம்மா இருந்த திட்டத்திலும் அப்படித்தான் செய்தோம். அங்கன்வாடி வாசலில் பெண்கள் கூடினார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு பிபி கட்டுக்குள் இல்லை என்று சொன்னபோது திட்டப் பொறுப்பாளருக்கு முகம் சுருங்கியது. பெண்கள் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. "அது எங்களுக்குத் தெரியுமே" என்று ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு முழுக்கக் கழிப்பறையைப் பற்றித்தான். பொதுக் கழிப்பறையில் விளக்கு எரிவதில்லை, இரவு ஒன்பதுக்குப் பூட்டிவிடுகிறார்கள், மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பயன் என்று கேட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் சில மாற்றங்கள் வந்தன. சிறுநீர் போக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் வீட்டில் கழிப்பறை உண்டா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். மாத்திரை கொடுக்கும்போது பழைய அட்டையை வாங்கிப் பார்ப்பது வழக்கமானது. மாலை ஆறு மணிக்கு மேல் வாரம் ஒருநாள் தெருவிலேயே பிபி பார்க்கிறார்கள். கழிப்பறை விளக்குக்காக வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். மனு போனதற்கு நகல் இருக்கிறது, விளக்கு இன்னும் வரவில்லை.

ஆண்கள் விஷயத்தில் ஒன்றும் நகரவில்லை. பதிவேட்டில் இருப்பவர்கள் முக்கால்வாசி பெண்கள், மீதி வயதான ஆண்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களைக் காணவே இல்லை. அவர்கள் விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டிலும் மண்டித் தெருவிலும் மூட்டை இறக்குகிறார்கள், பகலில் தூங்குகிறார்கள், சாயங்காலம் கடையில் இருக்கிறார்கள். வீடு தேடிப் போகும் எந்தத் திட்டத்துக்கும் அவர்கள் வீட்டில் இல்லை. அடுத்த சுற்றில் லாரி வரும் நேரத்துக்கு மண்டிக்கே பிபி மெஷினோடு போவதென்று முடிவாகியிருக்கிறது. லோடு ஏற்றி இறக்கும் சங்கத்தாரிடம் பேசியாகிவிட்டது. முதல் லாரிக்கும் இரண்டாவது லாரிக்கும் நடுவில் டீ குடிக்கிற நேரம்தான் கிடைக்கும், அதற்குள் எத்தனை பேரைப் பார்க்க முடியுமோ பாருங்கள் என்கிறார்கள்.